எண்ணப்படும் சர்க்கரை, எண்ணப்படாத இறப்பு

சென்னையில் 1989ல் நடந்த கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 1995ல் அது 11.6 ஆனது. 2000ல் 13.5, 2004ல் 14.3. பதினைந்தே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் நோய்ச்சுமை முக்கால் பங்கு கூடிவிட்டது. இந்தியாவில் வேறெந்த ஊரைப் பற்றியும் இவ்வளவு தொடர்ச்சியான கணக்கு எளிதில் கிடைக்காது. அதற்குக் காரணம் உண்டு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1948லேயே சர்க்கரை நோய்க்கென்று தனிப்பிரிவு தொடங்கியவர் பேராசிரியர் எம். விஸ்வநாதன். 1954ல் ராயபுரத்தில் மருத்துவமனையும் நிறுவினார். அவர் வழியில் வந்த அ. ராமச்சந்திரன், வி. மோகன் போன்ற மருத்துவர்கள், மருத்துவமனைக்கு வருகிறவர்களோடு நிற்காமல் தெருத்தெருவாக ஆட்களை அனுப்பி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அந்த எண்களைத்தான் ஒவ்வொரு நவம்பர் 14ஆம் தேதியும் நாளிதழ்களில் படிக்கிறோம். எத்தனை பேருக்குச் சர்க்கரை, எந்த மாநிலம் முதலிடம், உலகத்தில் இந்தியா எங்கே. ஆனால் சர்க்கரை வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கண் போகிறது, எத்தனை பேர் டயாலிசிஸுக்குப் போகிறார்கள், எத்தனை பேர் ஐம்பத்தைந்து வயதில் மாரடைப்பில் சாகிறார்கள், அந்த விகிதம் பத்து ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அந்தச் செய்திகளில் பதில் இருப்பதில்லை. ஒரு சமூகம் இந்த நோயோடு எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள இந்தக் கேள்விகள்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

நோயாளிகளின் எண்ணிக்கை கூடுவது எப்போதும் கெட்ட செய்தி ஆகாது. ஏரியில் நீர்மட்டம் ஏறினால், வரத்து கூடியிருக்கலாம், அல்லது மதகு வழியே போவது குறைந்திருக்கலாம். சர்க்கரை நோயில் வரத்து என்பது புதிதாக நோய் வருகிறவர்கள். போக்கு என்பது இறப்பு, ஏனென்றால் பெரும்பாலானோருக்கு இது வந்தால் போகாத நோய். நல்ல சிகிச்சை கிடைத்து, நோயாளிகள் பதினைந்து ஆண்டுக்குப் பதில் முப்பது ஆண்டு வாழத் தொடங்கினால், புதிதாக ஒருவருக்குக்கூட கூடுதலாக நோய் வராவிட்டாலும் மொத்த எண்ணிக்கை ஏறும். மக்கள்தொகை மூப்படைவதும் மட்டத்தை ஏற்றும். தமிழ்நாடு இந்தியாவிலேயே வேகமாக மூப்படையும் மாநிலங்களுள் ஒன்று. ஆகவே ‘கூடிவிட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

எப்படி அளக்கிறோம் என்பதும் எண்ணை மாற்றிவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வு, 2008 முதல் 2020 வரை எல்லா மாநிலங்களிலும் ஒரு லட்சத்துப் பதிமூவாயிரம் பேரைச் சோதித்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் என்பது 2023ல் வெளியான அதன் கணிப்பு. அடுத்த ஆண்டே பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று, இந்தியாவில் 21.2 கோடிப் பேர் என்று சொன்னது. இரண்டு கணக்குக்கும் நடுவே நாட்டில் நோய் இரட்டிப்பாகிவிடவில்லை. முதலாவது ஆய்வு வெறும்வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரையை அளந்தது. இரண்டாவது ஆய்வு, வெறும்வயிற்றுச் சர்க்கரையோடு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவையும் சேர்த்துக்கொண்டது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை, சர்க்கரை கூடாமலேயே அந்த அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். நம் நாட்டில் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்று சொல்லத் தேவையில்லை. இந்த விவரம் இல்லாமல் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பூகம்பம்’ என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

எண்ணிக்கைக்குள்ளே நடந்திருக்கும் ஒரு மாற்றம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. 1996-97ல் சென்னையில் இரண்டு குடியிருப்புகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒன்று தியாகராய நகரில் நடுத்தர வருமானக் குடும்பங்கள், மற்றது திருமங்கலத்தில் குறைந்த வருமானக் குடும்பங்கள். அப்போது முதலாவதில் நூற்றுக்கு 12.4 பேருக்கும் இரண்டாவதில் 6.5 பேருக்கும் சர்க்கரை இருந்தது. பத்து ஆண்டு கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிப் போனபோது தியாகராய நகரில் 15.4, திருமங்கலத்தில் 15.3. பணக்காரர் நோய் என்று பெயர் வாங்கிய ஒன்று, ஏழை வீட்டுக்குள் முழுசாக நுழைந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மாத்திரை, மூன்று மாதத்துக்கொரு பரிசோதனை, ஆண்டுக்கொருமுறை கண் சோதனை என்று செலவு கேட்கும் நோய், கூலி போனால் சோறு இல்லாத குடும்பத்தில் வரும்போது அதன் விளைவுகள் வேறு மாதிரி இருக்கும். நோய் யாரிடம் இருக்கிறது என்பதே, அது எங்கே போய் முடியும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

சரி, எங்கே போய் முடிகிறது? சர்க்கரை நேரடியாகக் கொல்வது அரிது. அது ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. மெல்லிய குழாய்கள் கெட்டால் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு. பெரிய குழாய்கள் அடைத்தால் இதயம், மூளை, கால். சென்னை மாநகராட்சியின் 46 வார்டுகளில் 26,001 பேரைக் கொண்டு நடந்த ‘கியூர்ஸ்’ ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு 17.6 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. 26.1 பேருக்கு நரம்புப் பாதிப்பு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1996ல், ஒரு சர்க்கரை நோய் மையத்துக்கு வந்தவர்களிடம் மட்டும் பார்த்தபோது விழித்திரைப் பாதிப்பு 34.1 விழுக்காடு. முதலாவது தெருவில் எடுத்த கணக்கு, இரண்டாவது மருத்துவமனையில் எடுத்தது. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நோய் முற்றியவர்கள். இரண்டையும் ஒப்பிட்டு ‘பாதிப்பு பாதியாகக் குறைந்தது’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சிறுநீரகக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். அதே சென்னை ஆய்வில் 26.9 விழுக்காட்டினரின் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மிகச் சிறிதளவு கசிந்தது. வெளிப்படையான சிறுநீரக நோய் 2.2 விழுக்காட்டினரிடம்தான் இருந்தது. இந்த 26.9க்கும் 2.2க்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் மருத்துவத்துக்கு வேலை இருக்கிறது. கசிவு தொடங்கிய எல்லோருக்கும் சிறுநீரகம் செயலிழப்பதில்லை. பி.பி.யைக் கட்டுக்குள் வைத்து, சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகளைக் கொடுத்தால், கணிசமானவர்களுக்கு அந்தச் செயலிழப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம், சிலருக்குத் தடுக்கவும் செய்யலாம். கண்டுபிடிக்கத் தேவை ஒரு சிறுநீர்ச் சோதனை. ஆனால் நம் ஊரில் வழக்கமாக எழுதிக் கொடுப்பது கிரியாட்டினின் என்ற ரத்தச் சோதனை. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ பாதி போன பிறகுதான் கிரியாட்டினின் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறத் தொடங்கும். ‘கிட்னி நார்மல்’ என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறவர்களில் பலருக்கு அந்த நேரத்திலேயே கசிவு இருக்கும். இந்தியாவின் நாள்பட்ட சிறுநீரக நோய்ப் பதிவேட்டில் சேர்ந்தவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்குச் சர்க்கரைதான் காரணம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்யவேண்டும். கூலி வேலையும் பயணச் செலவும் இழுக்க, இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர்.

காலைப் பற்றிச் சொல்லும்போது தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. மேலை நாடுகளில் சர்க்கரையால் கால் போவதற்கு ரத்தக் குழாய் அடைப்பு பெரிய காரணம். தியாகராய நகர், திருமங்கலம் ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களில் காலின் ரத்தக் குழாய் அடைத்திருந்தவர்கள் 6.3 விழுக்காடுதான். இங்கே கால்கள் போவது பெரும்பாலும் உணர்ச்சி மரத்துப்போவதாலும் அதன்மேல் சீழ் பிடிப்பதாலும். ஆணி குத்தியது தெரியாது, வெயிலில் காய்ந்த கோயில் பிராகாரத்தில் நடந்து பாதம் கொப்பளித்தது தெரியாது. வலிக்காத காயத்தை யாரும் காட்ட வருவதில்லை.

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளிடம் கண்டது இதைத்தான். விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுப் போகின்றன என்று அவர் நிறுவினார். 1966ல் அமெரிக்கா சென்றபின், அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருத்தினார். இன்று உலகமெங்கும் சர்க்கரைப் பாதத்துக்குச் செய்யும் உணர்ச்சிச் சோதனைக்கும் மெத்தென்ற காலணிக்கும் பின்னால் வேலூரில் பார்த்த பாதங்கள் இருக்கின்றன. அந்த அறிவு பிறந்த மண்ணில், செருப்பும் உணர்ச்சியைச் சோதிக்கும் ஒரு நைலான் இழையும் இருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய விரல்களையும் கால்களையும் இன்னும் வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது. இந்தப் பாதிப்பைத் தடுக்க நாம் பெரிய கருவிகளுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை.

இனி இறப்பு. தியாகராய நகர், திருமங்கலம் மக்களை அந்த ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை, யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று தொடர்ந்து பார்த்தார்கள். சர்க்கரை உள்ள ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் 18.9 பேர் இறந்தார்கள்; சர்க்கரை இல்லாதவர்களில் 5.3 பேர். வயதையும் பிறவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் இறப்பு அபாயம் மூன்றரை மடங்குக்கு மேல். சர்க்கரை உள்ளவர்களின் இறப்பில் 52.9 விழுக்காடு இதயமும் ரத்தக் குழாயும், 23.5 விழுக்காடு சிறுநீரகம். சிறிய ஆய்வுதான், சில நூறு குடும்பங்கள். ஆனாலும் அது சொல்லும் திசை தெளிவானது. பணக்கார நாடுகளில் நடந்த பெரிய தொகுப்பாய்வுகளில் இந்த அபாயம் இரண்டு மடங்குக்குக் கீழே. அங்கேயும் ஐம்பது வயதில் சர்க்கரையோடு இருப்பவர், இல்லாதவரைவிடச் சராசரியாக ஆறு ஆண்டு முன்னதாக இறக்கிறார்.

மூன்றரை மடங்கு என்பது சென்னைக்கு மட்டும் வாய்த்த கொடுமை இல்லை. மெக்சிகோ நகரில் 1998 முதல் 2004 வரை ஒன்றரை லட்சம் பேரைச் சேர்த்து, பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்தார்கள். 35 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் சர்க்கரை உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். 35க்கும் 74க்கும் இடையில் நடந்த இறப்புகளில் குறைந்தது மூன்றில் ஒன்று சர்க்கரையோடு வந்த கூடுதல் இறப்பு. அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லை. பி.பி. மாத்திரை எடுத்தவர்கள் குறைவு, கொழுப்பு மாத்திரை எடுத்தவர்கள் மிகமிக அரிது. கையில் மாத்திரை இருந்தது, இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றக்கூடிய சிகிச்சை இல்லை.

அந்த ஆய்வு நடந்திராவிட்டால் மெக்சிகோவின் அரசுப் பதிவுகளிலிருந்து இது முழுசாகத் தெரிந்திருக்காது. காரணம், இறப்புச் சான்றிதழ் எழுதப்படும் விதம். மருத்துவர் நிரப்பும் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் உடனடிக் காரணம், அதற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த மூலக் காரணம் என்று படிப்படியாக எழுதவேண்டும். இரண்டாம் பகுதியில், இறப்புக்குத் துணைபோன மற்ற நோய்கள். புள்ளிவிவரத்தில் ஏறுவது மூலக் காரணம் என்று தேர்ந்தெடுக்கப்படும் ஒன்றே ஒன்று. இருபது ஆண்டு சர்க்கரை இருந்த ஒருவர் மாரடைப்பில் இறந்தால், மருத்துவர் ‘மாரடைப்பு’ என்று எழுதி, சர்க்கரையை இரண்டாம் பகுதியில் போட்டால் அது இதயநோய் இறப்பு. சர்க்கரையை மூலக் காரணமாகப் போட்டால் அது சர்க்கரை இறப்பு. எழுதாமலே விட்டால் சர்க்கரை அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே இல்லாததுபோல் ஆகிவிடும். இரவு இரண்டு மணிக்கு, அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தின் முன்னால், பழைய சீட்டு எதுவும் கையில் இல்லாமல் ஓர் இளம் மருத்துவர் அந்தப் படிவத்தை நிரப்புகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவர் எழுதுகிற அந்தப் படிவமே பலருக்குக் கிடைப்பதில்லை. 2020ல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் சுமார் 22.5 விழுக்காட்டுக்குத்தான் மருத்துவச் சான்றுள்ள காரணம் இருந்தது. மற்றவை பெரும்பாலும் வீட்டில் நடந்த இறப்புகள். தேதி இருக்கும், காரணம் இருக்காது. காசநோயும் இந்தக் கணக்கைக் குழப்பும். தமிழ்நாட்டில் சில பகுதிகளில் காசநோயாளிகளைச் சோதித்தபோது நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது (2012). சர்க்கரை இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும், சிகிச்சை பலிப்பதும் குறையும். இரண்டும் உள்ள ஒருவர் இறந்தால் காசநோய் என்றே எழுதுவார்கள், அது சரியும்கூட. ஆனால் சர்க்கரை என்ற வேர் பதிவில் தெரியாது.

தொடர்ந்து எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு அமெரிக்கா ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1990 முதல் 2010 வரை அங்கே சர்க்கரை நோயாளிகளிடையே மாரடைப்பு விகிதம் 67.8 விழுக்காடு குறைந்தது. பக்கவாதம் 52.7, கால் அகற்றம் 51.4, சர்க்கரை எகிறி மயங்கி இறப்பது 64.4, சிறுநீரகச் செயலிழப்பு 28.3 விழுக்காடு. தனியொரு அதிசய மருந்தால் இது நடக்கவில்லை. புகைபிடிப்பது குறைந்தது, பி.பி. மாத்திரையும் ஸ்டேடின் என்ற கொழுப்பு மாத்திரையும் பரவலாயின, ஆண்டுதோறும் கண்ணையும் காலையும் பார்ப்பது வழக்கமானது. இதில் ஒரு பங்கு கணக்கின் விளைவு என்பதையும் சொல்லவேண்டும். 1997ல் வெறும்வயிற்றுச் சர்க்கரையின் வரம்பு 140லிருந்து 126க்கு இறக்கப்பட்டது, லேசான நோயாளிகள் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள், அதனாலும் விகிதம் குறைந்து தெரியும். ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு மாரடைப்பு குறைந்ததை அதைக்கொண்டு மட்டும் விளக்க முடியாது.

இதே இருபது ஆண்டில் அமெரிக்க நோயாளிகளின் எண்ணிக்கை 65 லட்சத்திலிருந்து 2.07 கோடி ஆனது. அதனால் நோயாளிகளைக்கொண்டு வகுக்காமல் மொத்த மக்கள்தொகையைக்கொண்டு வகுத்துப் பார்த்தால் மாரடைப்பும் மயக்க இறப்பும் மட்டுமே குறைந்திருந்தன, மற்றவை குறையவில்லை. ஒரு நோயாளியின் கண்ணோட்டத்தில் பெரிய வெற்றி; மருத்துவமனை நடத்துகிறவர் கண்ணோட்டத்தில் வேலை குறையவே இல்லை. இரண்டும் உண்மை. 2009க்குப் பிறகு கால் அகற்றம் அங்கே மீண்டும் ஏறத் தொடங்கியது, அதுவும் முதியோரைவிட இளையோரிடமும் நடுவயதினரிடமும். எண்ணிக்கொண்டிருந்ததால் அதைக் கண்டார்கள். இங்கிலாந்தில் 2001 முதல் 2018 வரையான பதிவுகளில், சர்க்கரை உள்ளவர்களின் இறப்பில் இதயநோயை முந்திக்கொண்டு புற்றுநோய் முதலிடத்துக்கு வந்திருக்கிறது. இதயத்தைக் காப்பாற்றிவிட்டதால் அவர்கள் வேறொன்றில் இறக்கும் வயதுவரை வாழ்கிறார்கள்.

தமிழ்நாடு இந்தப் பாதையில் எந்த இடத்தில் நிற்கிறது? 2020ல் நடந்த மாநில ஆய்வில் 17.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 விழுக்காடு. 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த எண்ணுக்குத் தரப்பட்ட பதில் என்றே சொல்லலாம். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து சர்க்கரையும் பி.பி.யும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்து 2023-24ல் எடுத்த ஆய்வில் சர்க்கரைக் கட்டுப்பாடு 16.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இது பாராட்டவேண்டிய முன்னேற்றம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கவேண்டிய கட்டாயத்தை அது பலருக்கு நீக்கியிருக்கிறது. ஆயினும் ஆறில் ஐந்து பேர் இன்னும் கட்டுக்கு வெளியே.

சர்க்கரை மட்டும் கட்டுக்குள் வந்தாலும் போதாது. இண்டியாப் ஆய்வில், சர்க்கரை இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களில் 36.3 விழுக்காட்டினர் சர்க்கரையையும், 48.8 விழுக்காட்டினர் பி.பி.யையும், 41.5 விழுக்காட்டினர் கெட்ட கொழுப்பையும் இலக்குக்குள் வைத்திருந்தார்கள். மூன்றையும் ஒருசேர வைத்திருந்தவர்கள் 7.7 விழுக்காடு. அமெரிக்காவில் மாரடைப்பைக் குறைத்ததில் பி.பி.க்கும் கொழுப்புக்கும் பெரும்பங்கு உண்டு. நம் வீடுகளில் ‘சுகர் எவ்வளவு?’ என்று கேட்கிற அளவுக்கு ‘பி.பி. எவ்வளவு?’ என்று கேட்பதில்லை. கொழுப்பு மாத்திரையை ‘சரியாகிவிட்டது’ என்று மூன்றாம் மாதமே நிறுத்திவிடுகிறவர்களைக் குடும்பத்துக்கு ஒருவராவது பார்க்கலாம்.

இதற்கெல்லாம் ஒரு கால அவசரமும் இருக்கிறது. நம் மக்களுக்கு ஐரோப்பியரைவிட ஏறத்தாழ பத்து ஆண்டு முன்னதாகவே சர்க்கரை வந்துவிடுகிறது. சிறுநீரகமும் கண்ணும் கெடுவது பெரும்பாலும் நோய் இருந்த ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பத்தைந்தில் வந்தவர் ஐம்பத்தைந்தில் இருபது ஆண்டு நோயாளி. 2000களில் சென்னைக் கணக்கெடுப்பில் இளம் நோயாளிகளாகச் சேர்ந்தவர்கள் இப்போது அந்த வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அதே காலத்தில் திருமங்கலத்தில் இரு மடங்குக்கு மேல் பெருகிய நோயின் சிறுநீரகச் சுமையும் இதயச் சுமையும் இனிமேல்தான் முழுதாகத் தெரியவரும்.

தெரிந்துகொள்வதற்கான பொருள்கள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. வீடு தேடிப்போகும் திட்டத்தில் யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்ற பதிவு இருக்கிறது. இறப்புப் பதிவு இங்கே ஏறத்தாழ முழுமை. டயாலிசிஸும் கால் அகற்றமும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ அரசு மருத்துவமனையிலோ நடந்தால் அதற்கும் பதிவு உண்டு. தனித்தனி அலமாரிகளில் கிடக்கும் இந்த மூன்றையும், பெயரும் அடையாளமும் வெளியே தெரியாதபடி இணைத்துப் பார்த்தால், ஒவ்வொரு மாவட்டத்திலும் சர்க்கரை உள்ள ஆயிரம் பேரில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள், எத்தனை கால்கள் போகின்றன, எத்தனை பேர் டயாலிசிஸ் தொடங்குகிறார்கள் என்று சொல்லிவிடலாம். சுவீடனும் இங்கிலாந்தும் இதைத்தான் செய்கின்றன. தன்னார்வலரின் பையில் சிறுநீர் ஆல்புமின் சோதனைப் பட்டையையும் பாதம் சோதிக்கும் இழையையும் சேர்ப்பது, படிவத்தின் இரண்டாம் பகுதியில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று கட்டாயம் குறிக்கச் சொல்வது, இவை இரண்டையும் அடுத்த நிதியாண்டிலேயே தொடங்கலாம்.